பெண் மலையின் மேற்குப் பக்கம்

மவுன்
9 ஜூலை 1996

மதிப்புக்குரிய அண்ணி செதுன்யாவுக்கு,

மொலேஃபி எழுதுவது. வீட்டில் அடுப்பு எரிகிறதா, உடம்பு தேறியதா? மாடுகளை விசாரிக்க வழியில்லை. நோய் வந்ததென்று நம் பக்கத்து மாடுகளை எல்லாம் சுட்டுக் குழியில் தள்ளியாகிவிட்டது. ஆடுகளாவது மேய்கின்றனவா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலால்தான் அண்ணன் இறந்த செய்திக்கு நான் தாமதமாக வந்து, மண் போட்ட கையோடு திரும்பினேன். ஊர் என்ன பேசியதென்று எனக்குத் தெரியும்.

இப்போது ஊர் உங்களைப் பேசுகிறது. ஷகாவேயிலிருந்து லாரி ஓட்டி வரும் ஆள் சொன்னான். கறுப்புத் துணி உடுத்திய விதவை, புருஷனைப் புதைத்து மூன்று வாரம் ஆவதற்குள், நான்கு வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நாம் சாமியாக மதிக்கும் பெண் மலையில் ஏறிக்கொண்டிருந்தாளாம். "உங்க அண்ணி சிரிச்சுக்கிட்டே பாறையில வரஞ்ச படத்தையெல்லாம் காட்டிட்டு இருந்தாங்க" என்றான். என் கடைக்கு வந்த ஆட்கள் முன்னால் தலை குனிந்து நின்றேன். கறுப்புத் துணி உடுத்தியவள் ஒரு வருடம் பொதுப் பாதையில்கூட நடக்கக் கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் ஏறலாமா?

இன்னொன்று. அண்ணனின் பொருட்கள் வழக்கப்படி தம்பிக்கு. துணிமணி, கருவிகள், அவருடைய பச்சைக் கித்தான் பை. அடுத்த லாரியில் அனுப்பிவையுங்கள். பையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் பக்கம் மழை பெய்யட்டும்.

மொலேஃபி


சோடிலோ
30 ஜூலை 1996

தம்பி மொலேஃபிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் எழுந்து நடமாடுகிறேன். ஆடுகளில் இரண்டைச் சிறுத்தை அடித்தது, மற்றவை மேய்கின்றன. உன் காய்ச்சல் விட்டதில் மகிழ்ச்சி. எத்தனை நாள் படுத்திருந்தாய்? யார் பார்த்துக்கொண்டார்கள்? கேட்க ஆளில்லாத ஊரில் காய்ச்சல் வந்தால் கஷ்டம்தான்.

மலையில் ஏறினேன். கறுப்புத் துணியோடுதான் ஏறினேன். ஏறும் முன் கீழே நின்று அனுமதி கேட்டேன், வழக்கம்போல. மலை ஒன்றும் சொல்லவில்லை; பேசுவது நீயும் லாரிக்காரனும்தான். மாடு இல்லாத வீட்டில் ஒருத்தி சோளக்களி தின்பதற்கு வழிகாட்டி வேலையை விட்டால் வேறென்ன இருக்கிறது? நீ மாதாமாதம் மூட்டை அனுப்புவதாக எழுது, நான் வீட்டிலேயே உட்கார்ந்து துக்கம் காக்கிறேன். சிரித்தேன் என்றானா? வந்தவர்களில் ஒருத்தி காண்டாமிருகப் படத்தைப் பார்த்துப் பன்றி என்றாள். சிரித்தேன்.

உன் அண்ணனின் பொருட்கள்: கோட்டு ஒன்று, கால்சட்டை இரண்டு, தொப்பி, பேட்டரி இல்லாத ரேடியோ, கோடரி, மண்வெட்டி. லாரியில் ஏற்றிவிட்டேன். 'கருவிகள்' என்று எழுதியிருக்கிறாய். கோடரியும் மண்வெட்டியும் தவிர வேறெந்தக் கருவியை நினைத்துக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. தேன் எடுக்கப் போனவரிடம் வேறென்ன இருக்கும்? பச்சைப் பையை நான் பார்க்கவில்லை.

மழை யார் பக்கம் வேண்டுமானாலும் பெய்யட்டும்.

செதுன்யா


மவுன்
21 ஆகஸ்ட் 1996

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள். கடிதத்தில் இவ்வளவு குத்து வைக்கத் தெம்பு இருக்கிறதே. நானும் நலம்.

அந்தக் கிழிந்த கோட்டை அனுப்பியதற்கு நன்றி. லாரிக்காரன் முன்னால் பிரித்தேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காய்ச்சலில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டீர்கள். ஐந்து நாள் என் அறையில் தனியாகக் கிடந்தேன். போதுமா?

பேச வேண்டியதைப் பேசிவிடுகிறேன். மாடுகள் போன பிறகு அண்ணனை நீங்கள் என்ன பாடுபடுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். "உக்காந்து உக்காந்து நிழலத் தேய்க்கிறீங்களே" என்று ஊர்க்கிணற்றடியில் வைத்துச் சொன்னீர்களாம். அண்ணனே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரிக்கிற விஷயமா அது? அந்த வாய்தான் அவரை அந்த மலைக்கு விரட்டியது. தேனோ வேறெதுவோ, எதையாவது கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கத்தான் போனார்.

பை விஷயத்தில் பொய் வேண்டாம். மூன்று ஆள் உயரத்திலிருந்து விழுந்தவருடைய பை எங்கும் பறந்து போய்விடாது. முதுகில் மாட்டியிருந்தது முதுகில்தான் இருக்கும். அது என்னிடம் வரவேண்டும். வராவிட்டால் நானே வந்து வீட்டைச் சோதிப்பேன். அது எங்கள் அப்பா கட்டிய வீடு என்பதை மறக்க வேண்டாம்.

மொலேஃபி


சோடிலோ
15 செப்டம்பர் 1996

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? குறிப்பாக ஞாபகசக்தி?

கிணற்றடியில் நான் சொன்னது உண்மை. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியது உனக்கல்ல.

நீ எழுதிய ஒரு வரியை ஐந்து முறை படித்தேன். மூன்று ஆள் உயரம் என்று எழுதியிருக்கிறாய். புதைத்த அன்று நீ கேட்டது என்ன? தேன்பொந்துப் பாறையிலிருந்து விழுந்தார் என்றுதான் ஊர் முழுக்க அழுதது. அந்தப் பாறை மூன்று ஆள் உயரமா? பனைமரத்தின் மேல் பனைமரம் வைத்த உயரம். உனக்கும் தெரியும், அதன் அடியில்தான் நீ வளர்ந்தாய்.

அவர் அங்கிருந்து விழவில்லை. மேற்குப் பக்கம், ஒட்டகச்சிவிங்கித் திட்டிலிருந்து விழுந்தார். அது மூன்று ஆள் உயரம். இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் கஷே, தென்பக்கம் குடியிருக்கிற சான் பழங்குடி ஆட்களில் என்னோடு வழிகாட்டியாக வேலை செய்பவன். மறுநாள் காலை நாங்கள் இருவரும்தான் அவரைக் கண்டுபிடித்தோம். பச்சைப் பை முதுகில் இருந்தது. பைக்குள் அந்த ஒட்டகச்சிவிங்கிப் படம் இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்குமே, சின்னதாக, சிவப்பாக, அதே சிவிங்கி. பாறையிலிருந்து பலகை போலப் பெயர்த்து எடுத்திருந்தார். அவர் அதன் மேலேயே மல்லாந்து விழுந்ததில் அது இரண்டாக உடைந்திருந்தது. உளி மேலே பாறையில் செருகியபடியே நின்றது.

நான் கஷேயின் காலைப் பிடித்தேன். அவனுடைய முன்னோர்கள் வரைந்த படம் அது. அவன் அதன் முன்னால் குரல் உயர்த்திக்கூடப் பேசமாட்டான். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். பிறகு, "செத்தவன ரெண்டாவது தடவ கொல்ல வேணாம்" என்றான். இருவருமாக அவரைத் தூக்கிக்கொண்டு போய் தேன்பொந்துக்குக் கீழே கிடத்தினோம். அதன் பிறகுதான் நான் ஊரைக் கூப்பிட்டேன்.

ஐந்து நாள் மவுனில் காய்ச்சலில் கிடந்தவனுக்கு உயரம் எப்படித் தெரிந்தது என்று எழுது.

செதுன்யா


மவுன்
2 அக்டோபர் 1996

செதுன்யாவுக்கு,

அண்ணி என்று கூப்பிட வாய் வரவில்லை. நலம் விசாரிக்கவும் வரவில்லை.

ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாயா? அண்ணன் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், அந்தத் திட்டு, அந்தச் சிவிங்கி என்று. திட்டம் அவருடையது. கடைக்கு வரும் ஒரு வெளிநாட்டுக்காரர் ஆசைப்பட்டார், நான் சேதியைச் சொன்னேன், அவ்வளவுதான். "மலைல ஆயிரக்கணக்குல கெடக்கு, ஒண்ணு கொறஞ்சா எந்தச் சாமி எண்ணிப் பாக்கப்போவுது" என்று கேட்டது உன் புருஷன், நான் அல்ல. ஆகவே உயரம் எனக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் கிடைத்ததா?

இப்போது என் கேள்வி. கல் உன்னிடம் இருக்கிறது. உடைந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஆள் சொல்கிறார். அனுப்பு. அனுப்பினால் வருடம் முடியும்போது வழக்கப்படி நான் வந்து உன் கறுப்புத் துணியைக் கழற்றி வைப்பேன். அனுப்பாவிட்டால் எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு ஆளும் வரமாட்டோம். சாகும்வரை கறுப்பில் கிட. யாரும் உன்னைத் தன் வாசலில் ஏற்றமாட்டார்கள். ஊர்த் தலைவரிடமும் சொல்வேன்: பெயர்த்த கல்லைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு மலையைப் பற்றிக் கதை சொல்லிச் சம்பாதிக்கிறாள், பிணத்தை இடம் மாற்றினாள் என்று. வழிகாட்டி வேலை அன்றோடு போகும்.

யோசித்து எழுது.

மொலேஃபி


சோடிலோ
24 நவம்பர் 1996

மொலேஃபிக்கு,

முதல் மழை பெய்தது. இதற்கு முன் எழுதியிருப்பேன்; ஏழு வாரம் எனக்குக் கை ஓடவில்லை. யோசித்து எழுது என்றாய். யோசித்தேன்.

கல் கட்டிலுக்கடியில் இல்லை. அது எங்கே என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

சிவிங்கித் திட்டைப் பற்றி அவர் உன்னிடம் முன்பே சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் எங்கே ஏறுவார் என்பது ஒன்று, எங்கிருந்து விழுந்தார் என்பது வேறொன்று. அதையும் அவரே முன்கூட்டிச் சொன்னாரா?

அன்று காலை அவரைத் தூக்குவதற்கு முன்னால் கஷே என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். சுற்றிச் சுற்றி வந்து மண்ணைப் பார்த்தான். நான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன், "இரு, மொதல்ல படிச்சிட்டு வரேன்" என்றான். அவன் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

"வண்டி முள்மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னிருக்கு. ரெண்டு பேரு எறங்கியிருக்காங்க. ஒருத்தன் ஏறினான். இன்னொருத்தன் கீழ நின்னு அண்ணாந்து பாத்தான். ஏறினவன் விழுந்தான். கீழ நின்னவன் வந்தான், முழங்கால் போட்டான். அப்புறம் எந்திரிச்சு வண்டிக்குப் போனான். ஓடல. நடந்து போனான். இடது கால இழுத்து வெக்கிறவன்."

இடது காலை இழுத்து வைப்பவனை நான் என் கல்யாண நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிய கதையை நீயே பத்து முறை சொல்லியிருக்கிறாய்.

அவர் உடனே சாகவில்லை, மொலேஃபி. இரண்டு கை விரல்களாலும் மண்ணைத் தோண்டியிருந்தார். நகத்துக்குள் இருந்த மண்ணை நான்தான் முள்ளால் எடுத்தேன். அங்கிருந்து என் வீடு ஒரு மணி நேர நடை. வண்டியில் கால் மணி நேரம். அன்று முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன், மொங்கோங்கோ கொட்டை உடைத்துக்கொண்டு. உன் வண்டிச் சத்தம் கேட்டிருந்தால் வெளியே வந்திருப்பேன். நீ வரவில்லை. அவரை அங்கே அப்படியே போட்டுவிட்டு மவுனுக்குப் போய், அடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல்காரனாகத் திரும்பி வந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

உன் காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

செதுன்யா


சோடிலோ
18 ஜனவரி 1997

மொலேஃபிக்கு,

எட்டு வாரமாகப் பதில் இல்லை. முந்திய கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தது என்று லாரிக்காரன் சொல்கிறான். கடை வாசலில் நின்றே படித்தாயாம், பிறகு கடையை அடைத்துவிட்டுப் போனாயாம். ஆகவே உயிரோடு இருக்கிறாய்.

போன வாரம் ஒரு வயதான அம்மா வந்தாள், எங்கோ வடக்குத் தேசத்தவள். அவளே விசாரித்துக்கொண்டு சிவிங்கித் திட்டுக்கு எதிரே போய் நின்றுவிட்டாள். பாறையில் பெயர்த்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது, தோல் உரிந்த மாதிரி. "இத யாரு இப்படிப் பண்ணினாங்க?" என்று கேட்டாள். வெயிலிலும் பனியிலும் பாறை தானாக உதிரும் என்றேன். அவள் நம்பிவிட்டாள். பின்னால் நின்ற கஷே கேட்டுக்கொண்டிருந்தான். இறங்கும்போது, "நல்லாச் சொன்ன. வெயிலு உளி வெச்சு அடிச்சுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவன் என்னோடு சேர்ந்து மலையில் ஏறுவதில்லை.

மார்ச் முதல் தேதி சனிக்கிழமை, ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீ தலைவரிடம் சொல்வாய் என்று மிரட்டினாயே, அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம். என் புருஷன் திருடினார், நான் மறைத்தேன், பிணத்தை இடம் மாற்றினேன், எல்லாம் என் வாயாலேயே வரும். உன் பெயரையும் சொல்வேன். நீ வந்து நின்று உன் பங்கை நீயே சொன்னால் நான் உன்னைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். வராவிட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

செதுன்யா


மவுன்
20 பிப்ரவரி 1997

செதுன்யாவுக்கு,

வரமாட்டேன். இந்தக் கடிதம் சேரும்போது நான் மவுனில் இருக்கமாட்டேன். ஃபிரான்சிஸ்டவுனில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. கல் ஆசைப்பட்ட ஆள் டிசம்பரிலேயே தன் நாட்டுக்குப் போய்விட்டார்; என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

காய்ச்சல் இல்லை. நான் அங்கேதான் இருந்தேன்.

நான் கீழே நின்றேன். காலால் ஏற முடியாது என்பதால் அவர் ஏறினார். பெயர்த்து முடித்துப் பையில் போட்டு, கையை ஆட்டினார். இறங்க ஒரு கால் வைத்தார். முதலில் கல்தான் விழுகிறது என்று நினைத்தேன்.

தூக்கப் பார்த்தேன். அலறினார். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது, அசைக்காதே என்றார். ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். "தனியா விட்டுட்டுப் போவாத" என்றார். இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் அதையே சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீ கேட்பாய். கேட்காதே. அதை நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ தேவையில்லை.

காலையில் விழுந்தவர், மதியம் தாண்டி வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் போனார். அதுவரை நான் இருந்தேன். பிறகுதான் பயம் வந்தது. உன் கஷே சொன்னது சரி, நடந்துதான் போனேன். ஓடக் கால் வரவில்லை.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல். மண்ணைப் படிக்கத் தெரிந்தவன் என்கிறாயே, நான் கண நேரம் முழங்கால் போட்டு எழுந்துபோனேனா, பாதி நாள் இருந்தேனா என்பது அவனுக்குத் தெரியாமலா போயிற்று? அவன் படிக்கவில்லையா, நீ எழுதவில்லையா?

கூட்டத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். கறுப்புத் துணியைக் கழற்ற நான் வரமாட்டேன், உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

மொலேஃபி


ஷகாவே
22 ஜூன் 1997

மொலேஃபிக்கு,

நான் இப்போது ஷகாவேயில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஆற்றில் பிடித்த மீனைக் காயவைத்து விற்கிறோம். கை முழுக்க முள் குத்தல். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கூட்டத்தில் சொன்னேன். இலந்தை மரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. உன் பெயரையும் சொன்னேன். தலைவர் எழுந்து நின்றார். "பொய் சொன்ன வாயால மலையப் பத்திப் பேசக் கூடாது. மூணு வருஷம் நீ வழிகாட்ட வேணாம்மா" என்றார். அம்மா என்று சொன்னதில்தான் எனக்கு அழுகை வந்தது. என் புருஷனைப் புதைத்த இடத்தில் அடுக்கியிருந்த கல்லை யாரோ எடுத்து எறிந்திருந்தார்கள். திரும்ப அடுக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி எறிந்திருந்தார்கள், மறுபடி அடுக்கினேன். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

சிவிங்கியை வெளியே எடுத்துக் கொடுத்தேன். என் தானியக் குதிருக்குள் இருந்தது. கஷேயின் ஆட்கள் அதை அந்தத் திட்டுக்குக் கீழேயே வைக்க வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆட்கள் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் கிடக்கிறது. கஷே ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, இப்போது அது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை என்றான். உடைந்தது சரியாகக் கழுத்தில்.

கறுப்புத் துணி கழன்றுவிட்டது. உன் சித்தப்பா செபோபாவிலிருந்து தானாகவே வந்தார். கத்தரித்து எரித்தார். சாப்பிட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். கஷே படித்தான். நான்தான் எழுதவில்லை. அன்று காலை அவன் இதையும் சொன்னான்: "ரொம்ப நேரம் இருந்திருக்கான். மொதல்ல உக்காந்திருக்கான். அப்புறம் தலமாட்டுல நின்னுருக்கான். அடி அடியா நகந்து நகந்து, தலயச் சுத்தி பாதி வட்டம் போட்டிருக்கான். ஏன்னு தெரியல. பயத்துல சுத்தினானோ என்னவோ." கூட்டத்தில் இதையும் சொன்னேன். உனக்கு மட்டும் மறைத்தேன். நீ விட்டுவிட்டு ஓடியவனாக இருந்தால்தான் எனக்கு வசதி. கிணற்றடியில் நான் சொன்ன வார்த்தையைத் தூக்கி உன் தலையில் வைக்க முடிந்தது. நீ கடைசிவரை கூட இருந்தவன் என்றால் அந்த வார்த்தை என் தலையிலேயே இருக்கும். அதனால் எழுதவில்லை.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கால் மணி நேர வண்டி ஓட்டம். நான் வீட்டில் இருந்தேன். அவர் செத்த பிறகாவது வந்து கதவைத் தட்டியிருக்கலாம். அந்த ராத்திரி அவர் அங்கே தனியாகக் கிடந்திருக்க வேண்டாம். இது என் நெஞ்சிலிருந்து இறங்காது, இறக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. பாதி நாள் உயிரோடு இருந்தார். பேச்சு இருந்தது. என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது. வேறெதுவும் எழுதாதே.

செதுன்யா


ஃபிரான்சிஸ்டவுன்
13 ஜூலை 1997

அண்ணிக்கு,

அவர் பேசியது கொஞ்சம்தான். மூச்சு பிடித்ததால் விட்டு விட்டுப் பேசினார்.

கல் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் மேலேயே திரும்ப வைத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். தண்ணீர் கேட்டார், வண்டியில் இருந்த கேனிலிருந்து துணியை நனைத்துப் பிழிந்தேன். மாடுகளின் பெயர்களைச் சொன்னார், சுட்டுப் போட்ட மாடுகள், ஒன்று விடாமல். நடுவில் ஒரு பெயர் மறந்துவிட்டது, நான் எடுத்துக் கொடுத்தேன்.

மதியத்துக்கு மேல் மலையின் நிழல் போய் மேற்குப் பக்கம் வெயில் வந்தது. "வெயிலு கண்ணுல குத்துது. செத்த மறச்சு நில்லுடா" என்றார். தலைமாட்டில் நின்று மறைத்தேன். சூரியன் நகர நகர நானும் நகர்ந்தேன். கஷேயிடம் சொல்லுங்கள், பயத்தில் சுற்றவில்லை.

கடைசியில் உங்களைப் பற்றிச் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை. "செதுன்யா ஒன்னத் திட்டுவா. அவளுக்குக் கோவம் வந்தா நிக்காது. திட்டட்டும். நீ எதுத்து ஒரு வார்த்த பேசிராத" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். நான் உங்களுக்கு நான்கு கடிதம் எழுதினேன்.

மொலேஃபி